அப்டேட் போட்டதிலிருந்து அம்மாவின் கைப்பேசி ஒரே சூடு, கால் வந்தால் இணையம் நின்றுவிடுகிறது. ரீசெட் செய்யலாமா?

செந்தூல்காரி:

வணக்கம். அம்மாவோட ஆண்ட்ராய்டு கைப்பேசி, வாங்கி மூணு வருஷம் ஆகுது. 128 ஜிபி, ரெண்டு சிம். வியாழக்கிழமை ராத்திரி சிஸ்டம் அப்டேட் இறங்குச்சு. மறுநாள் காலையில இருந்து இதெல்லாம் நடக்குது:

காலை ஏழு மணிக்கு 100% இருந்தா மதியத்துக்குள்ள 40%. சும்மா மேசையில வெச்சிருந்தாலே பின்பக்கம் கேமராவுக்குக் கீழ சுடுது.

யாராச்சும் கூப்பிட்டா, பேசி முடிக்கிற வரைக்கும் இணையம் கிடையாது. மேல 4ஜின்னு இருந்தது "E"ன்னு மாறிடுது. சில நேரம் கூப்பிடுறவங்களுக்கு ரிங் போகுது, இங்க ஒரு சத்தமும் இல்ல.

வங்கி ஆப் திறந்த ரெண்டு விநாடியில மூடிக்குது. இன்னும் ரெண்டு மூணு ஆப் அப்படித்தான்.

28% இருக்கும்போது படக்குன்னு அணைஞ்சிடுது. சார்ஜர் மாட்டித் திறந்தா 25%ன்னு காட்டுது.

கடையில காட்டினோம். "சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு, ஃபிளாஷ் போடணும் (சாஃப்ட்வேரை மறுபடி ஏத்தணும்), உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், 150 வெள்ளி (ரிங்கிட்)"ன்னாங்க. அம்மா படம், வாட்ஸ்அப் எதுவும் போகக்கூடாதுங்கிறாங்க. ஸ்டோரேஜ்ல 3 ஜிபிதான் மிச்சம். என்ன செய்யலாம்?

பத்துமலை272:

ரீசெட் வேணாம் தங்கச்சி. ரிகவரி மோடுக்கு (போன் முழுசாத் திறக்கிறதுக்கு முன்னாடி வர்ற பழுதுபார்ப்பு மெனு) போய் கேஷ் பார்ட்டிஷனை (தற்காலிகக் கோப்பு இருக்கிற பிரிவு) துடைங்க, அப்டேட் பிரச்சினை எல்லாத்துக்கும் அதுதான் மருந்து. போனை அணைச்சிட்டு வால்யூம் அப், பவர் பட்டன் ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க, மெனு வரும், "வைப் கேஷ் பார்ட்டிஷன்" எடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

மூணாம்மாடி:

மேலே அண்ணன் சொன்னதில் பாதி சரி. கேஷ் பார்ட்டிஷனைத் துடைத்தால் படமோ வாட்ஸ்அப்போ போகாது. ஆனால் எல்லாக் கைப்பேசியிலும் அந்த வரி இருக்காது. சிஸ்டத்தை இரண்டு பிரிவாக வைத்துக்கொள்ளும் முறை ஆண்ட்ராய்டு 7இல் வந்தது (2016). ஒரு பிரிவில் ஓடிக்கொண்டே இன்னொன்றில் புதியதை எழுதும், புதியது எழும்பாவிட்டால் பழையதற்குத் திரும்பும். அந்த முறையில் இயங்கும் பல கைப்பேசிகளில் துடைக்கத் தனிக் கேஷ் பிரிவே கிடையாது. சாம்சங் மாதிரி மெனு இருக்கும் கைப்பேசியிலும், புதிய மாடல் என்றால் யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்த பிறகுதான் அந்தப் பட்டன்கள் வேலை செய்யும்.

இன்னொன்று, இதை யாரும் எச்சரிப்பதில்லை. அந்த மெனுவில் "வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்" என்ற வரியும் "வைப் கேஷ் பார்ட்டிஷன்" என்ற வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். தொடுதிரை வேலை செய்யாது, வால்யூம் பட்டனால் நகர வேண்டும். ஒரு அழுத்து தவறினால் அம்மாவின் படம் எல்லாம் போய்விடும். காப்பு எடுக்காமல் அந்தப் பக்கமே போக வேண்டாம். சாம்சங்காக இருந்தால் அதே மெனுவில் "ரிப்பேர் ஆப்ஸ்" என்றும் ஒன்று உண்டு. அது டேட்டாவைத் தொடாது.

இப்போது உங்கள் நான்கு பிரச்சினைக்கு வருவோம். நான்குக்கும் காரணம் ஒன்றே என்று கடைக்காரர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சூடு, பேட்டரி இறங்குவது. சிஸ்டம் மாறினால் கைப்பேசியில் இருக்கும் ஒவ்வொரு ஆப்பையும் புது சிஸ்டத்துக்கு ஏற்றபடி மறுபடியும் தயாரிக்க வேண்டும். கேலரியும் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து அட்டவணை போடும். இரண்டு மூன்று நாள் சூடு இயல்பு. ஆனால் ஆப் தயாரிக்கும் வேலையின் பெரும்பகுதி, கைப்பேசி சார்ஜில் இருந்து திரையும் அணைந்து சும்மா கிடக்கும்போதுதான் நடக்கும். பகலில் அரை மணி, காரில் அரை மணி என்று சார்ஜ் செய்தால் அந்த வேலை முடியவே முடியாது, வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே இரண்டு இரவு தொடர்ந்து, வைஃபையில், சார்ஜரில், உறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம்.

அதற்கு முன் இடம் ஒதுக்குங்கள். 128இல் 3 ஜிபி மிச்சம் என்பதே ஒரு நோய். தற்காலிகக் கோப்பு எழுத இடமில்லாமல் சிஸ்டம் திணறும். குறைந்தது 12, 13 ஜிபி காலியாக வேண்டும். வாட்ஸ்அப் → செட்டிங்ஸ் → ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா → மேனேஜ் ஸ்டோரேஜ் போனால் "5 எம்பிக்கு மேல்" என்றும் "பலமுறை ஃபார்வர்ட் ஆனவை" என்றும் தனித்தனியாகக் காட்டும். தைப்பூசக் காவடி வீடியோ ஒன்றே ஐந்து குரூப்பிலிருந்து ஐந்து தடவை வந்து உட்கார்ந்திருக்கும். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வேறு. அங்கேயே 10 ஜிபி தேறும்.

கால் வந்தால் "E", அதாவது 2ஜி. இதுதான் நீங்கள் எழுதியதிலேயே நல்ல துப்பு. மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு மூடப்பட்டுவிட்டது. 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்இ அணைந்திருந்தால், கால் வந்ததும் கைப்பேசி 2ஜிக்கு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 2ஜியில் பேசும்போது டேட்டா நிற்கும். இறங்குகிற அந்தச் சில விநாடியில்தான் சில கால் தவறிப்போகிறது. சிம் கெட்டுப்போகவில்லை. அப்டேட் அந்த சுவிட்சை அணைத்திருக்கிறது.

செட்டிங்ஸ் → கனெக்‌ஷன்ஸ் → மொபைல் நெட்வொர்க்ஸ். அங்கே "வோல்ட்இ கால்ஸ்" அல்லது "4ஜி காலிங்" இருக்கும். இரண்டு சிம்முக்கும் தனித்தனிச் சுவிட்ச், இரண்டையும் பாருங்கள். சுவிட்ச் போட்ட பிறகு கைப்பேசியை ஒருமுறை அணைத்துத் திறங்கள். வேறொரு போனிலிருந்து கூப்பிட்டு, பேசும்போதே மேலே 4ஜி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முடிந்தது.

சுவிட்சே காணவில்லை என்றால் "ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்" செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல், புளூடூத் இணைப்பு மட்டும் போகும், படம் போகாது. அதற்கும் வரவில்லையென்றால் ஒரு கேள்வி: இது மலேசியா செட்டா, ஏபி செட்டா (வெளிநாட்டுக்கானதை இங்கே கொண்டுவந்து விற்பது)? வேறு நாட்டுக்கான சாஃப்ட்வேர் உள்ள செட் என்றால், நம் நாட்டு நிறுவனங்களுக்கான வோல்ட்இ அமைப்பு அதில் இல்லாமல் இருக்கலாம். சாம்சங்கில் இதைப் பார்ப்பது சுலபம். அபவுட் ஃபோன் → சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனில் மூன்றெழுத்துக் குறியீடு வரும், "எக்ஸ்எம்இ" என்றால் மலேசியா.

ஆப் மூடிக்கொள்வது. ஒரே ஆப் என்றால் அந்த ஆப்பின் தவறு. நாலைந்து ஆப் சேர்ந்து விழுந்தால் முதல் சந்தேகம் "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ". ஆப்புக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பாகம் அது. 2021 மார்ச்சில் அது ஒன்று கெட்டதற்கு உலகம் முழுக்க ஆப்கள் விழுந்தன, சிஸ்டத்தை யாரும் தொடவே இல்லை. பிளே ஸ்டோரில் அந்தப் பெயரைத் தேடி அப்டேட் கொடுங்கள், கூடவே குரோமையும். அப்டேட் இல்லையென்றால் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → ஷோ சிஸ்டம் ஆப்ஸ் → வெப்வியூ → மூன்று புள்ளி → "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்", பிறகு மறுபடி அப்டேட்.

வங்கி ஆப்பில் "கிளியர் டேட்டா" மட்டும் அழுத்தாதீர்கள். "கிளியர் கேஷ்" வரைக்கும் போகலாம். ஏன் என்று கீழே யாராவது எழுதுவார்கள், எனக்குக் கை வலிக்கிறது.

28%இல் அணைவது. இது அப்டேட் இல்லை. பேட்டரி. மூன்று வருஷப் பேட்டரியின் உள்தடை (மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே தடுப்பது) ஏறியிருக்கும். 0.1 ஓம் இருந்தபோது 2 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் சரியும். அது 0.25 ஓம் ஆனால் அதே 2 ஆம்பியருக்கு 0.5 வோல்ட் சரியும். மின்னழுத்தம் அடிமட்டத்தைத் தொட்டதும் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சுமை போனதும் மின்னழுத்தம் மேலே வரும், அதனால்தான் திறந்தால் 25% காட்டுகிறது. அப்டேட்டுக்குப் பிறகு ஏன் என்றால், அந்த இரண்டு நாளும் பிராசசர் முழு மூச்சில் ஓடுகிறது. முன்பே வந்திருக்க வேண்டிய நோயை அது வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபிளாஷ் போட்டாலும் 28%இல் அணையத்தான் போகிறது, அதற்கு 150 வெள்ளி தண்டம்.

பாயான்பாரு:

வங்கி ஆப் விஷயம் நான் எழுதுறேன். கிளியர் டேட்டா கொடுத்தாலோ ரீசெட் செய்தாலோ, அந்தக் கைப்பேசி உங்க கணக்கோட பதிவு செஞ்ச கருவிங்கிற அடையாளம் போயிடும். 2022ல பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) அறிவிச்ச மோசடித் தடுப்பு நடவடிக்கையில ரெண்டு இதுக்குச் சம்பந்தம். எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலா ஆப்லயே ஒப்புதல், அதுவும் ஒரே ஒரு கைப்பேசியில. இன்னொன்னு, புதுசாப் பதிவு செஞ்சா காத்திருக்கிற நேரம் (கூலிங்-ஆஃப்). பல வங்கியில அது 12 மணி நேரம். அந்த நேரத்துல உள்ள போகலாம், மீதித் தொகை பார்க்கலாம், ஆனா ஒப்புதல் கேக்குற பணமாற்றம் நடக்காது. வாடகை, கார் தவணை கட்டுற நாளா பார்த்து ரீசெட் போட்டுடாதீங்க. கையில கொஞ்சம் ரொக்கமோ ஏடிஎம் கார்டோ இருக்கணும்.

டச் அண்ட் கோ (மின்பணப்பை ஆப்) வாலட் பணம் கணக்குலதான் இருக்கு, போன்ல இல்ல. அதுக்குப் பயப்பட வேணாம்.

காப்பு எடுக்குறது. "கூகுள்ல பேக்கப் ஆகுது"ன்னு நம்பி இருக்காதீங்க. கூகுள் இலவச இடம் 15 ஜிபி. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் காப்பு முன்னாடி அதுல சேராது, 2024ல இருந்து சேருது. ஜிமெயிலும் படமும் சேர்ந்து நிறைஞ்சிட்டா வாட்ஸ்அப் காப்பு சத்தமில்லாம நின்னுபோயிருக்கும். வாட்ஸ்அப் → செட்டிங்ஸ் → சாட்ஸ் → சாட் பேக்கப் போய்க் கடைசித் தேதியைப் பாருங்க. போன வருஷத் தேதி இருந்தா அதிர்ச்சியாகாதீங்க, நிறைய பேருக்கு அப்படித்தான்.

கேபிள் வழிதான் எனக்கு நம்பிக்கை. போனைக் கணினியில மாட்டி, மேலிருந்து இழுத்து யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" எடுங்க. இதைச் செய்யாட்டி கணினியில காலி ஃபோல்டர்தான் தெரியும். டிசிஐஎம் ஃபோல்டரை (கேமரா படம் இருக்கிற இடம்) அப்படியே நகல் எடுங்க. அப்புறம் ஆண்ட்ராய்டு → மீடியா → காம்.வாட்ஸ்அப், அதையும் முழுசா. அதுக்குள்ள டேட்டாபேசஸ்னு ஒன்னு இருக்கும். தினமும் அதிகாலை ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப் தானே எழுதுற காப்பு அது, கடைசி ஏழு நாள் வரைக்கும் கிடைக்கும். புது போன்ல வாட்ஸ்அப் பதியிறதுக்கு முன்னாடி இந்த ஃபோல்டரை அதே இடத்துல வெச்சு, அதே நம்பர்ல பதிஞ்சா மீட்டெடுக்கவான்னு அதுவே கேக்கும்.

நகல் எடுத்தாச்சுன்னு விட்டுடாம, நடுவுல நாலு படத்தையாவது கணினியில திறந்து பாருங்க.

அம்மாவுக்கு ஜிமெயில் கடவுச்சொல் ஞாபகம் இருக்கான்னும் இப்பவே கேட்டு வெச்சுக்குங்க. ரிகவரி வழியா ரீசெட் போட்டா, பழைய கூகுள் கணக்கைக் கேக்காம போன் திறக்காது. கடவுச்சொல்லை இன்னைக்கு மாத்தினா 24 மணி நேரம் கழிச்சுத்தான் ரீசெட் போடணும்னு கூகுளே சொல்லுது.

பத்துமலை272:

சரி, கேஷ் கதையை விட்டுடறேன். ஆனா ஒன்னு கேக்குறேன். பழைய ஆண்ட்ராய்டுக்கே திரும்பிப் போயிட்டா என்ன? அதுல எல்லாம் நல்லாத்தானே ஓடுச்சு?

மூணாம்மாடி:

பல கைப்பேசியில் முடியாது அண்ணே. அப்டேட் சில நேரம் பூட்லோடரின் (சிஸ்டத்தை எழுப்பும் முதல் நிரல்) எண்ணையும் ஏற்றிவிடும். பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்பை யாரும் திருட்டுத்தனமாக ஏற்றக்கூடாது என்பதற்காக அந்த எண் இறங்கவே இறங்காது. 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசைக்கு இதைச் செய்தார்கள். போனபின் 12க்குத் திரும்பும் கதவு மூடப்பட்டது.

சாம்சங்கில் பில்ட் நம்பரைப் பார்த்தே சொல்லலாம். கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து அந்த எண். அது 7 என்றால் 6 உள்ள ஃபைல் ஏறாது, 7 உள்ள பழையது ஏறலாம். ஏறினாலும் பழைய பதிப்புக்கு இறங்கும்போது டேட்டாவை அழிக்காமல் ஒழுங்காக எழும்புவது அரிது. அதே பதிப்பை மறுபடி ஏற்றுவது வேறு விஷயம். ஓடினில் (சாம்சங்கில் சாஃப்ட்வேர் ஏற்றும் கணினி நிரல்) நான்காவது கட்டத்தில் "ஹோம் சிஎஸ்சி" ஃபைலைப் போட்டால் டேட்டா தங்கும், வெறும் "சிஎஸ்சி" போட்டால் எல்லாம் துடைத்துப் போகும். "ஃபிளாஷ் போட்டால் கண்டிப்பாக அழியும்" என்று கடையில் சொன்னால், எந்த ஃபைல் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள்.

பொதுவாக இன்னொன்று, இந்த இழைக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு. கைப்பேசி எழும்பாமல் லோகோவிலேயே சுற்றி, பிறகு கறுப்புத் திரையில் "டேட்டா கெட்டிருக்கலாம்" என்று சொல்லி "டிரை அகெய்ன்", "ஃபேக்டரி டேட்டா ரீசெட்" என்று இரண்டு வரி காட்டினால், பதற்றத்தில் இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். "டிரை அகெய்ன்" நாலைந்து தடவை கொடுங்கள். ரீசெட் போட்டுவிட்டால் டேட்டாவைப் பூட்டிய சாவியே அழிந்துவிடும். அதன்பிறகு "போர்டிலிருந்து படத்தை எடுத்துத் தருகிறேன்" என்று எவர் சொன்னாலும் பொய்.

செந்தூல்காரி:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. செஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல கேபிள்ல எல்லாம் எடுத்தாச்சு, 71 ஜிபி. வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் மட்டும் 14 ஜிபி துடைச்சோம். அம்மா ஒவ்வொன்னா பார்த்துப் பார்த்துத்தான் விட்டாங்க, அதுலயே ஒரு சாயங்காலம் போச்சு.

வோல்ட்இ: முதல் சிம்ல சுவிட்ச் போட்டுத்தான் இருந்துச்சு, ரெண்டாவதுல அணைஞ்சிருந்துச்சு. அம்மாவுக்கு எல்லாரும் கூப்பிடுறது ரெண்டாவது நம்பர்லதான். இப்ப பேசும்போது 4ஜி நிக்குது.

வெப்வியூ அப்டேட் கொடுத்ததும் மத்த ஆப் எல்லாம் சரியாச்சு. வங்கி ஆப் மட்டும் இன்னும் மூடுது. இப்ப "உங்கள் கருவி பாதுகாப்பாக இல்லை"ங்கிற மாதிரி ஒரு வரி காட்டிட்டு மூடுது.

சூடு ரெண்டாவது ராத்திரிக்கு அப்புறம் குறைஞ்சிடுச்சு. 28%ல அணையிறது அப்படியே இருக்கு.

பாயான்பாரு:

அந்த வரி வந்தது நல்லதுதான். சில வங்கி ஆப், டெவலப்பர் ஆப்ஷன்ஸ் (ஆப் தயாரிக்கிறவங்களுக்கான செட்டிங்ஸ்) திறந்திருந்தாலே ஓடாது. செட்டிங்ஸ்ல கடைசியில அந்தப் பேரு இருந்தா உள்ள போய் மேல இருக்குற சுவிட்சை அணைங்க. கடையில காட்டினப்போ அவங்க திறந்துவிட்டிருக்கலாம்.

அது இல்லாட்டி செட்டிங்ஸ் → அக்சசிபிலிட்டி → இன்ஸ்டால்டு ஆப்ஸ். அங்க எந்த ஆப்புக்கு அனுமதி இருக்குன்னு பாருங்க. பிளே ஸ்டோர்ல இல்லாத ஆப் எதாச்சும் இருந்தா, "பேட்டரி டாக்டர்", "சிஸ்டம் அப்டேட் ஃபிக்சர்"னு வாட்ஸ்அப்ல வந்த ஏபிகே (பிளே ஸ்டோர் இல்லாம ஆப் ஏத்துற ஃபைல்) எதாச்சும் இருந்தா, அதை உடனே தூக்குங்க. நிஜமான சிஸ்டம் அப்டேட் செட்டிங்ஸ் வழியாத்தான் வரும், ஏபிகேயா யாரும் அனுப்ப மாட்டாங்க. அப்படி ஒன்னை யாராச்சும் போட்டிருந்து கணக்குல பணமும் குறைஞ்சிருந்தா, போனை நோண்டிக்கிட்டு இருக்காதீங்க. இணையத்தைத் துண்டிச்சிட்டு வேற போன்ல இருந்து 997க்கு (தேசிய மோசடிப் புகார் மையம்) கூப்பிடுங்க, வங்கிக்கும் சொல்லுங்க.

செந்தூல்காரி:

டெவலப்பர் ஆப்ஷன்ஸ்தான். அணைச்சதும் திறந்துடுச்சு. வேற ஆப் எதுவும் இல்ல, பார்த்துட்டேன்.

ஜாலான்ஈப்போ:

பேட்டரி மாற்றப் போகும் முன் சில வார்த்தை.

முதலில் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவை மையத்தில் விலை கேளுங்கள். பிறகுதான் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவோ, பினாங்கில் என்றால் கொம்தார் பக்கமோ. வெளிக்கடை என்றால், "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. பேட்டரியின் மேல் அச்சிட்ட மாடல் குறியீடும் மில்லிஆம்பியர் அளவும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பழையது 5000 என்றால் புதியதில் 6000 என்று போட்டிருந்தால் வேண்டாம். அதே அளவுப் பெட்டிக்குள் கூடுதலாக 1000 புகுந்துகொள்ளாது.

பின்மூடியைச் சூடாக்கித் திறப்பார்கள். மூடும்போது புதுப் பசை போடச் சொல்லுங்கள், பழைய பசைமேலேயே அழுத்தி ஒட்டினால் ஒரு மாதத்தில் ஓரம் தூக்கும். தண்ணீர் புகாத் தன்மை திறந்த நிமிஷமே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்மூடி இப்போதே லேசாக எழும்பி, மேசையில் வைத்தால் ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியென்றால் சார்ஜ் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

கொடுக்கும்போது திரைப்பூட்டு எண்ணைச் சொல்லத் தேவையில்லை. பேட்டரி மாற்ற அது வேண்டியதில்லை. ரசீதில் கைப்பேசியின் ஐஎம்இஐ (கருவியின் அடையாள எண்), மாற்றிய பாகம், உத்தரவாத நாள், "டேட்டா அழிக்கப்படாது" என்ற வரி, நான்கும் எழுதி வாங்குங்கள். ஐஎம்இஐ எண் *#06# அழுத்தினால் வரும்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் உள்ள பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் அங்கே முதலில் கேட்பது ரசீதைத்தான். வாயால் சொன்ன 150 வெள்ளிக்கு அங்கே மதிப்பில்லை.

செந்தூல்காரி:

பின்மூடியை மேசையில வெச்சுப் பார்த்தேன், ஆடல. சனிக்கிழமை சேவை மையத்துக்குப் போறோம். அதுவரைக்கும் 40%க்குக் கீழ விடாம சார்ஜ் போட்டா போதுமா?

மூணாம்மாடி:

போதும். கேமரா, வீடியோ கால் இரண்டும்தான் திடீரென்று நிறைய மின்சாரம் இழுப்பவை, 40%க்குக் கீழே அவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பேட்டரி சேவரைப் போட்டே வையுங்கள், பிராசசர் வேகம் குறைந்தால் திடீர் அணைவும் குறையும். சனிக்கிழமை கிளம்பும் முன் இன்னொரு தடவை கேபிளில் வாட்ஸ்அப் ஃபோல்டரை நகல் எடுத்துவிடுங்கள்.